ஆண்டவரிடம் மனதில் இருப்பதைச் சொல்லி ஜெபிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் ஜெபம் காதில் விழாமல் ஒரு நாள் கழிவது கஷ்டம். விடியுமுன்னே ஏதாவது ஓர் ஆலயத்தின் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கிவிடும். சாயங்காலம் தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் குடும்ப ஜெபம் கேட்கும், இன்னொரு வீட்டில் செபமாலை கேட்கும். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். இப்படிப்பட்ட ஊரில் புதிதாக ஜெபிக்கத் தொடங்குகிறவருக்கு முதலில் வருகிற பயம், "அவர்களைப்போல எனக்கு ஜெபிக்கத் தெரியாதே" என்பதுதான்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று பெரியவர்கள் தொடங்கினால் நிற்காமல் போகும். மிஷனரி ரிங்கல்தௌபே வந்து 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பிய காலம்தொட்டுப் பேசிப் பேசிப் பழகிய நடை அது. அழகானது; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த நடைக்குள் ஒருவர் சுலபமாக ஒளிந்துகொள்ள முடியும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டி என்று வந்த அன்றும், மகன் வீட்டைவிட்டுப் போன அன்றும், அதே ஸ்தோத்திரம், அதே வரிசை, அதே ஆமென். மனதில் கிடந்தது அங்கேயே கிடக்கிறது.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் திருமணமாகி வந்தவர்கள், சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போயும் தனியாக ஒருநாளும் வாய்திறந்து ஜெபிக்காதவர்கள், இவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

இப்படியெல்லாம் பேசலாமா?

பேசலாம். வேதமே அப்படித்தான் பேசுகிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. எரேமியா தான் பிறந்த நாளையே சபிக்கிறார். யோனா கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார். கர்த்தர் அவரைத் தண்டிக்காமல் அவரிடம் கேள்வி கேட்டுப் பேச்சைத் தொடர்கிறார்.

அன்னாளின் கதையைக் கட்டாயம் வாசியுங்கள், 1 சாமுவேல் முதலாம் அதிகாரம். பிள்ளையில்லாத பெண். வீட்டில் குத்துப்பேச்சு. ஆலயத்தில் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். அதற்கு அவள், "நான் என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்" என்று பதில் சொல்கிறாள். ஆசாரியனுக்கே அது ஜெபமாகத் தெரியவில்லை. கர்த்தருக்குத் தெரிந்தது. "உன் ஜெபம் முறையாக இல்லை" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

"என் நாவில் சொல் பிறவாததற்குமுன்னே, கர்த்தாவே, அதையெல்லாம் நீர் அறிந்திருக்கிறீர்" என்று 139-ம் சங்கீதம் சொல்கிறது. அவருக்குத் தெரியாத ஒன்றை நாம் புதிதாகச் சொல்லப்போவதில்லை. தெரிந்திருந்தும் நம் வாயால் கேட்க அவர் விரும்புகிறார் என்று நம்பித்தான் ஜெபிக்கிறோம்.

இடமும் பேச்சும்

அழுதால் யாரும் ஓடிவந்து "என்னாச்சு மக்களே?" என்று கேட்காத ஓர் இடம் வேண்டும். நம் வீடுகளில் இது கொஞ்சம் சிரமம். கதவைச் சாத்தினாலே கேள்வி வரும். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்போ ரப்பர் விளையோ இருந்தால் அதுவே போதும். ஆராதனை இல்லாத நேரத்தில் திறந்திருக்கிற ஆலயத்தின் கடைசி பெஞ்ச், வழியோரத்துக் குருசடி, மொட்டைமாடி எதுவானாலும் சரி. நேரம் பத்து நிமிஷம் போதும். உபவாசம், முழு இரவு ஜெபம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சு வீட்டுப் பேச்சாகவே இருக்கட்டும். "எனக்க மனசு சரியில்ல ஆண்டவரே" என்று சொன்னால் அது குறைந்த ஜெபம் ஆகிவிடாது. மேடைக்கு ஒரு தமிழ், அடுக்களைக்கு ஒரு தமிழ் என்று வைத்திருப்பவர்கள் ஆண்டவரிடம் அடுக்களைத் தமிழிலேயே தொடங்குங்கள். சில நாள் போனபின் வேத வசனங்கள் தாமாகவே உங்கள் பேச்சுக்குள் வந்து சேரும். அப்போது அவை இரவல் வார்த்தையாக இருக்காது.

வாய் வரவில்லையென்றால் எழுதுங்கள். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம், வேறு யாரும் எடுத்து வாசிக்காத இடத்தில் இருக்க வேண்டும். அது முக்கியம். யாராவது வாசிப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால் கை தானாகவே நல்ல பிள்ளையாக எழுதத் தொடங்கிவிடும்.

இன்று நடந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

"என் கஷ்டங்களை எல்லாம் நீர் அறிவீர்" என்று மொத்தமாகச் சொல்வதால் மனம் திறப்பதில்லை. இன்று நடந்த ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். யார், எங்கே, என்ன சொன்னார்கள் என்பதுவரை சொல்லுங்கள். "மாமியார் எல்லார் முன்னாலும் மீன்குழம்பைச் சட்டியோடு தள்ளி வைத்தார்." அதைச் சொல்லி முடித்ததும் உங்களுக்குள் என்ன எழும்பியது என்று பாருங்கள். கோபமா, அவமானமா, பயமா, பொறாமையா? நம் ஆட்கள் பலரும் எல்லாவற்றுக்கும் "பாரம்" என்ற ஒரே சொல்லை வைத்து முடித்துவிடுவார்கள். பாரத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் ஒரு படி இறங்கிச் சொல்லுங்கள்.

பொறாமையைச் சொல்வதுதான் இதில் கஷ்டம். பக்கத்து வீட்டுப் பெண் நர்சாக வெளிநாடு போய்விட்டாள், நம் வீட்டுப் பெண் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆலயத்தில் அவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கும்போது நமக்கு உள்ளே எரிகிறது. "ஆண்டவரே, அவர்கள் நன்றாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல எவ்வளவு கூச்சம்! சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருந்தால் அது ஜெபத்தில் வராமல், கிணற்றடிப் பேச்சில் வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

13-ம் சங்கீதத்தை அச்சாக வைத்து

சொந்த வார்த்தை கிடைக்காத நாளில் இந்தச் சங்கீதம் கைகொடுக்கும். மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார். அதுவரை ஸ்தோத்திரம் ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டில், நோக்கிப்பார்த்து எனக்குச் செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும் என்று வேண்டியதைக் கேட்கிறார். கடைசி இரண்டில் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று வந்து நிற்கிறார். முறையீடு, விண்ணப்பம், நம்பிக்கை. இந்த வரிசையில் உங்கள் காரியத்தை வைத்து எழுதிப் பாருங்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற ஒருவர் இதை எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரிக்குத் தருகிறேன். மழைக்காலத்தில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இந்த நெருக்கடி வருஷத்தில் இரண்டு தடவை வரும்.

"ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள் இந்த மழை? மூன்று வாரமாக மரத்தில் கத்தி வைக்கவில்லை. நீர் எங்களைப் பார்க்கிறீரா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மகள் காலேஜ் ஃபீஸ் கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். அவள் அம்மா ஒன்றும் பேசாமல் வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதையும் அடகு வைத்துவிட்டால் அடுத்த மழைக்கு என்ன செய்வேன்? வேலை வேண்டும் ஆண்டவரே. ஃபீஸ் கட்டப் பணம் வேண்டும். மகளிடம் போய்ப் பேச எனக்கு வாய் வேண்டும். போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது எங்களை நடத்தினீர், அதை மறக்கவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஆமென்."

இதில் சந்தேகத்தை மறைக்கவில்லை. கேட்பது பொத்தாம் பொதுவாக இல்லை. மூன்று காரியம், மூன்றும் தெளிவு. கடைசியில் வருகிற நம்பிக்கையும் அவரிடம் இருக்கிற அளவுதான் இருக்கிறது. இல்லாத விசுவாசத்தை இருப்பதாகக் காட்டவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-ல் ஒரு தகப்பன் கத்தினாரே, அந்த அரைகுறை விசுவாசத்தோடு வந்தவருடைய பிள்ளைக்கும் சுகம் கிடைத்தது.

நம்பிக்கைப் பகுதி வரவே மாட்டேன் என்கிறதா? விட்டுவிடுங்கள். 88-ம் சங்கீதம் 18 வசனம் ஓடி, சிநேகிதரும் தோழரும் விலகிப்போனதைச் சொல்லி, இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

"உம்முடைய சித்தம்" எப்போது சொல்வது?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடம் இது. நாம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே "உம் சித்தம்போல ஆகட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். பக்தியாகத்தான் தெரிகிறது. ஆனால் பல நேரம், கேட்டு ஏமாந்துபோவோமோ என்ற பயத்தில் கேட்காமலே விடுகிறோம்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு எப்படி ஜெபித்தார் என்று பாருங்கள். முதலில் சீஷர்களிடமே, தம் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பிறகு முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும் என்கிறார். அதன் பிறகுதான், ஆகிலும் உம்முடைய சித்தத்தின்படியே என்ற வார்த்தை வருகிறது. வேண்டியதை முழுசாகக் கேட்ட பின்புதான் ஒப்புக்கொடுக்கிறார். அதையும் ஒரே தடவையில் முடிக்கவில்லை. மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களைச் சங்கடப்படுத்தினால், இந்த வசனம் பதில் சொல்லும்.

ஆகவே, பிள்ளை வேண்டும் என்றால் பிள்ளை வேண்டும் என்றே கேளுங்கள். அப்பா பிழைக்க வேண்டும் என்றால் பிழைக்க வேண்டும் என்றே கேளுங்கள். ஒப்புக்கொடுப்பது கடைசியில் வரட்டும், வருகிற நாளில் வரட்டும்.

ஆண்டவர்மேலேயே கோபம் என்றால்

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் உள்ளே வந்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கமிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அடக்கம் பண்ண உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கடலுக்கு அனுப்பிய குடும்பங்கள் அவை. "அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?" என்று அந்த வீட்டில் ஒருவர் கேட்டால் அதைத் தேவதூஷணம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சகோதரன் லாசரு இறந்தபோது மார்த்தாள் இயேசுவிடம் கேட்டது இதே கேள்விதான்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அப்புறம் அவள் சகோதரி மரியாளும் வந்து அதையே சொன்னாள். இயேசு இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. கண்ணீர் விட்டார்.

முறுமுறுப்பு பாவம் என்று சபையில் கேட்டிருப்பீர்கள். சரிதான், ஆனால் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் என்ன செய்தார்கள்? தங்கள் கூடாரங்களில் இருந்துகொண்டு, கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். அவரைப் பற்றிப் பேசினார்கள், அவரிடம் பேசவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு நேராக அவரிடமே வழக்காடினார், அதுவும் கடுமையாக. கடைசியில், யோபு என்னைக்குறித்து நிதானமாகப் பேசினான், நீங்கள் அப்படிப் பேசவில்லை என்று கர்த்தர் சொன்னது, ஆண்டவருக்காக நியாயம் பேச வந்த நண்பர்களிடம். கோபத்தோடு என்றாலும் முகத்தை அவர் பக்கமே திருப்பிக் கேளுங்கள்.

மனிதர்மேல் கோபம்

சொத்து எழுதிக்கொடுக்காமல் ஏமாற்றிய அண்ணன், நகையைக் குறைத்துக்கொடுத்தார்கள் என்று மகளைக் குத்துகிற சம்பந்தி வீட்டார். அவர்கள் கெட்டுப்போக வேண்டும் என்று மனம் சொல்கிறதா? 109-ம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆலயத்தில் அதிகம் வாசிக்கக் கேட்டிருக்க மாட்டீர்கள். அத்தனை சாபமும் அதில் ஆண்டவர் கையில்தான் ஒப்படைக்கப்படுகிறது. தாவீது கத்தியை எடுத்துக்கொண்டு போகவில்லை. சொல்லி முடித்தபின், அந்த ஆளுக்காக ஒரு வாக்கியம் ஜெபிக்க முடிந்தால் ஜெபியுங்கள். முடியவில்லை என்றால் "இன்றைக்கு என்னால் மன்னிக்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். அதுவே பாவ அறிக்கையாகவும் இருக்கும். சொந்தத் தப்பைச் சொல்லும்போதும் இதே முறைதான்: காரணம் அடுக்காமல், செய்ததைச் செய்ததாகச் சொல்வது.

கூடி ஜெபிக்கும்போது

மனம் திறப்பது தனி ஜெபத்தில்தான் முதலில் பழக வேண்டும். கூட்டத்தில் அளவு வேண்டும். குடும்ப ஜெபத்தில் "ஆண்டவரே, இந்த வீட்டு மருமகளுக்குத் தாழ்மையைத் தாரும்" என்று மருமகள் பக்கத்தில் இருக்கும்போதே ஜெபிப்பது ஜெபமே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. ஜெபக்குறிப்பு கொடுக்கும்போதும் அடுத்தவர் வீட்டுச் சங்கதியைச் சொல்லாதீர்கள். உங்கள் காரியத்தை மட்டும் சொல்லுங்கள். வீட்டு ஜெபக் கூட்டத்திலோ, கத்தோலிக்கப் பங்குகளில் பக்கத்து வீட்டார் கூடுகிற அன்பியத்திலோ எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. வாய் காக்கிற ஒருவர் இருந்தால் போதும். போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ தனியாக நேரம் கேட்கலாம்.

பதில் வராத நாட்கள்

உண்மையைச் சொல்லி ஜெபித்தால் கேட்டது கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான்பாறைக்குப் போயிருப்பீர்கள். விசுவாசத்துக்காகக் கைதாகி, தாகத்தில் தவித்த தேவசகாயம் ஜெபித்து முழங்கையால் பாறையில் இடித்தபோது தண்ணீர் வந்தது என்று அங்கே சொல்வார்கள். அதே தேவசகாயம்தான் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுத்தது அதற்கப்புறம் 270 வருஷம் கழித்து. இரண்டு இடத்துக்கும் ஜனங்கள் போய் முழங்கால் போடுகிறார்கள். எதற்குத் தண்ணீர், எதற்குத் துப்பாக்கி என்று என்னால் விளக்க முடியாது. இரண்டு நாளிலும் அவர் ஜெபித்தார் என்பதைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஜெபித்து முடித்ததும் மனம் லேசாகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சில நாள் லேசாகும், சில நாள் முன்னைவிடக் கனக்கும். சொல்லி முடித்தபின் இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். பேச்சே வராமல் பெருமூச்சுதான் வருகிறதென்றால், ரோமர் 8:26-ல், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, அல்லது 104-ஐக் கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181. சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், பிரசங்கம் பண்ணவில்லை. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை.

எந்தச் சங்கீதத்தில் தொடங்குவது என்று கேட்டால்: காத்திருந்து அலுத்துப்போனால் 13. கைவிடப்பட்டதாகத் தோன்றினால் 22. அழுகை நிற்கவில்லையென்றால் 42, 56. தூக்கம் வராத ராத்திரிக்கு 77. கெட்டவர்கள் செழிப்பதைப் பார்த்து எரிச்சலானால் 73. தப்பு செய்துவிட்டு நெஞ்சு குத்தினால் 51. ஒன்றுமே சொல்ல முடியவில்லையென்றால் 88. மனதுக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள். கத்தோலிக்க வீட்டில் பழைய செபப்புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அவற்றில் பல சங்கீதங்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும், 22 அங்கே 21 ஆக வரும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் முதல் வரியைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.